சின்ன ஆறு.. பெரிய மின்சாரம்! 90 ஆண்டுகளைத் தாண்டியும் பைக்காரா ஏன் முக்கியம்?

ஊட்டி போனவர்களுக்கு பைக்காரா என்றாலே படகு சவாரிதான் ஞாபகம் வரும். ஆனால், அந்த ஏரித் தண்ணீருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 1932 முதல் அது மின்சாரம் தருகிறது. கோவை பஞ்சாலைகள் வேகமாகப் பெருகியதில் பைக்கரா மின்சாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சின்ன ஆற்றில் இது எப்படி சாத்தியம்?

ரகசியம் தண்ணீரின் அளவில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. பைக்காரா தண்ணீர் கிளென்மார்கன் வரை கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து ராட்சதக் குழாய்கள் வழியாக சுமார் 3,080 அடி கீழே சிங்காராவுக்குப் பாய்கிறது. அந்த வேகம்தான் டர்பைனைச் சுழற்றுகிறது.

நம்ம மணிமுத்தாறில் முடியாதா?

விருத்தாசலம் அருகே நல்லூரைத் தொட்டு ஓடும் மணிமுத்தாற்றின் மேல்பகுதியில் உள்ள மணிமுக்தா அணையின் உயரம் 36 அடிதான். நொடிக்கு 1,000 லிட்டர் தண்ணீர் விழுந்தால் அங்கே சுமார் 100 கிலோவாட் கிடைக்கும். அதே தண்ணீர் பைக்காராவில் சுமார் 8,000 கிலோவாட் தரும். அதனால்தான் மணிமுக்தா அணை பாசனத்துக்கு, பைக்காரா மின்சாரத்துக்கு.

இப்போதும் தேவையா?

பழைய பைக்காரா நிலையத்தின் திறன் 59.2 மெகாவாட். 2005-ல் வந்த புதிய நிலையம் 150 மெகாவாட். பக்கத்திலேயே நெய்வேலி இருக்கும்போது இது சின்ன கணக்குதான். ஆனால் எப்போது கிடைக்கிறது என்பதுதான் விஷயம். சாயங்காலம் சூரிய மின்சாரம் நின்றுவிடும். அதே நேரத்தில் வீடுகளில் லைட், ஃபேன், ஏசி எல்லாம் ஓடும். அனல்மின் நிலையத்தைக் குளிர்ந்த நிலையிலிருந்து இயக்க பல மணி நேரம் ஆகும். நீர்மின் நிலையத்தில் வால்வைத் திறந்தால் சில நிமிடங்களில் மின்சாரம் ரெடி.

டர்பைனைச் சுழற்றிய தண்ணீரும் வீணாவதில்லை. மாயார் மின் நிலையத்தில் மறுபடியும் மின்சாரம் தந்துவிட்டு, பவானிசாகர் வழியாக வயல்களுக்குப் போகிறது.

சவால் என்ன?

இயந்திரம் பழுதானால் மாற்றிவிடலாம். மலைச்சரிவில் மண் அரித்து ஏரியில் வண்டல் சேர்ந்தால், தண்ணீர் தேங்கும் இடம் குறையும். சாயங்காலத்துக்குச் சேமித்து வைக்கும் மின்சாரமும் அதோடு குறையும். அதனால் நீலகிரியின் புல்வெளியையும் சோலைக்காட்டையும் காப்பாற்றுவது, நம்ம வீட்டு கரண்ட்டையும் காப்பாற்றுவதுதான்.