ஒரு பகலில் ஒன்பது தலம், எழுபத்திரண்டு மணிநேரத்தில் ஒரு நகரம்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நெல்லையிலிருந்து நவதிருப்பதிக்குச் சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள். ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளியங்குடி, எங்கள் ஏரலுக்கு அண்மையிலுள்ள பெருங்குளம், இரட்டைத் திருப்பதி, தென்திருப்பேரை, திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி என்று ஒரே சீட்டில், ஒரே பகலில் ஒன்பது பெருமாள்களையும் சேவித்துவிட்டு ஜனங்கள் வீடு திரும்பலாம். இலக்கிய நண்பர்கள் வட்டத்தில் இந்தப் பேருந்தைப் பற்றி ஓயாத கேலி ஒன்று உண்டு. 'இது தரிசனமா, தபால் பட்டுவாடாவா?' என்பார்கள்.

அதே நண்பர்கள் இத்தாலிக்குப் போய் வருகிறார்கள். ரோமுக்கு இரண்டு நாள், ஃபுளோரன்ஸுக்கு இரண்டு நாள், வெனிஸுக்கு ஒரு பகல். கையில் நகரச் சுற்றுலா அட்டை. ரோமில் விற்கும் அட்டையில் 48 மணிநேரம், 72 மணிநேரம் என இரண்டு வகை. சில இடங்களுக்கு இலவச நுழைவு, மற்றவற்றுக்குச் சலுகை, நகரப் பேருந்திலும் மெட்ரோவிலும் பயணம். ஃபுளோரன்ஸின் அட்டைக்கு 72 மணிநேரம்; ஓர் அருங்காட்சியகத்துக்குள் ஒருமுறைதான் போகலாம். முதல் வாசலில் அட்டையைக் காட்டிய கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஊர் திரும்பியதும் பயணக் கட்டுரை வருகிறது. எத்தனை இடம் பார்த்தோம், அட்டையால் எத்தனை யூரோ மிச்சம் என்ற கணக்கு அதில் தவறாமல் இருக்கும். போத்திசெல்லியின் முன் எவ்வளவு நேரம் நின்றார் என்பது மட்டும் இராது.

இவ்விருவரில் கேலிக்குரியவர் யார் என்பதே எங்கள் கேள்வி.

பேருந்தில் வரும் பாட்டிக்குத் தன் செயலில் முரண்பாடு ஏதுமில்லை. தரிசனம் என்பது நேரத்தால் அளக்கப்படுவதன்று. கற்பூர ஆரத்தியின் ஒளியில் ஒரு கணம் கண்ணில் பட்டால் போதும், அவருக்கு அது நிறைவு. மேலும், தனியாக அலைய முடியாத முதியவர்களுக்கு அந்தப் பேருந்து பெரிய உபகாரம். ஓவியத்தின் கதை வேறு. அது பார்ப்பவனிடம் பொழுதைக் கேட்கிறது. சிற்பம், சுற்றிவரச் சொல்கிறது. உஃபிசியின் கூடங்களை ஒரு முற்பகலில் கடந்துவிடுபவர், கலையைத் தரிசனமாக ஆக்கிக்கொள்கிறார். தரிசனத்துக்குரிய நம்பிக்கை மட்டும் அவரிடம் இல்லை. பாட்டியின் அவசரத்துக்குப் புண்ணியம் காரணம். இவருடைய அவசரத்துக்குக் கொடுத்த காசு.

'ஆயுளில் ஒருமுறை போகிறோம். விசாவுக்கும் விமானத்துக்கும் செலவழித்தாயிற்று. எல்லாவற்றையும் பார்க்க வேண்டாமா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒருமுறைதான் வாய்க்கும் என்பது, குறைவாகப் பார்ப்பதற்கான காரணமே ஒழிய நிறையப் பார்ப்பதற்கான காரணமாகாது. கையில் ஒரு புத்தகம்தான் கிடைக்கும் என்றால் நாம் அதை நிதானமாகப் படிப்போமா, புரட்டுவோமா?

எங்கள் ஊர்ப்பக்கத்து மரபே இதற்கு ஒரு மாற்றை வைத்திருக்கிறது. நம்மாழ்வார் ஆழ்வார்திருநகரியின் புளியமரத்தடியை விட்டு நகராமல் அமர்ந்திருந்தே அத்தனை தலங்களையும் பாடினார் என்பது வைணவ நம்பிக்கை. வைகாசி விசாகத் திருவிழாவின் ஐந்தாம் நாளில், சுற்றுத் தலங்களின் பெருமாள்கள் அவரைத் தேடி வருகிறார்கள். ஒன்பது கருடசேவை அங்கே நடக்கிறது. அமர்ந்திருந்தவனைத் தேடி ஒன்பதும் வந்தன என்ற இந்தக் கற்பனையை, பக்தி இல்லாதவரும் யோசிக்கலாம்.

ரோமில் இடிபாடுகளின் நடுவே நின்று படமெடுத்துக்கொண்ட எத்தனை பேர் கொற்கையைப் பார்த்திருக்கிறார்கள்? ஏரலிலிருந்து சில கிலோமீட்டர்தான். கி.பி. முதல் நூற்றாண்டின் 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' கொல்கோய் என்று குறிப்பிடும் துறைமுகம் இதுவே. அங்கே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்கள் என்றும் அந்நூல் சொல்கிறது. இந்தியாவும் சீனமும் அரேபியாவும் ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் பணத்தைக் கவர்ந்து செல்கின்றன என்று பிளினி புலம்பியபோது, முத்து மோகத்தையும் சேர்த்தே சாடினார். அந்த மோகத்தின் மறுமுனை இன்று கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கிப்போன ஒரு சிற்றூர். அங்கே சுற்றுலா அட்டையோ வரிசையோ கிடையாது. வயலும் குளமும் பழைய வன்னிமரமும் உண்டு. 1960களின் இறுதியில் தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தது. இன்னும் சற்றுத் தள்ளினால் சிவகளை. அங்கே முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவித்தார்கள். ஆதிச்சநல்லூரில் 2023 முதல், அகழ்ந்த குழிகளையே கண்ணாடித் தளத்தின் மேல் நின்று காணலாம். ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கரைபுரண்டபோதுதான் ஏரல் என்ற பெயரையே பலர் முதன்முறையாகக் கேட்டார்கள்.

ரோமின் அட்டையிலிருந்து நாம் கற்க ஒன்று உண்டு என்பதையும் மறைக்கவில்லை. அது நாளைக் கணக்கிட்டு, ஊர்ப் பேருந்திலேயே ஏறச் சொல்கிறது. அதுபோல ஸ்ரீவைகுண்டத்துக்கும் கொற்கைக்கும் இடையே, மூன்று நாளைக்கு எங்கும் ஏறி எங்கும் இறங்க ஒரு சீட்டு கொடுக்கட்டும். ஒன்பதையும் முடிக்கும் கட்டாயம் அதில் இருக்கக்கூடாது. ஒருவர் பெருங்குளத்தில் இறங்கி அந்தி வரை அங்கேயே இருந்துவிட்டால், அவர் சீட்டு வீணாயிற்று என்று யாரும் சொல்லக்கூடாது.

இத்தாலிக்குப் போகும் நண்பர்களிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவே. ஃபுளோரன்ஸில் ஒரு கூடத்தில், ஒரு படத்தின் முன், ஒரு முற்பகல் முழுவதும் நில்லுங்கள். அட்டையில் பாதி செலவாகாமல் போகட்டும். திரும்பி வந்து அந்த ஒரு படத்தைப் பற்றி எழுதுங்கள். நாங்கள் படிக்கக் காத்திருக்கிறோம். அதுவரை புரட்டாசிப் பேருந்தைக் கேலி செய்யாதிருங்கள்.