இல்லமும் இயந்திரமும்: ஓய்வறியாத பம்பு

பெருநகரங்களின் அடுக்கு வீடுகளில், அதிலும் உச்சி மாடியில், குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு குறை உண்டு. தண்ணீர்த் தொட்டி தலைக்கு மேலேயே நிற்கும். குழாயைத் திறந்தாலோ நூல்போலத்தான் நீர் விழும். இதில் வியப்பில்லை. நீரின் அழுத்தம் அது இறங்கிவரும் உயரத்தைப் பொறுத்தது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீருக்குச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 14 பவுண்டு அழுத்தம் உண்டு. தொட்டி இரண்டே மீட்டர் உயரத்தில் இருந்தால் அது மூன்று பவுண்டுக்கும் குறைவு. இக்குறையைப் போக்கவே பலர் 'பிரஷர் பம்பு' ஒன்றை வாங்கிப் பொருத்திக் கொள்கின்றனர்.

அந்தப் பம்புக்கு வரும் நோய் ஒன்றைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன். வீட்டில் யாரும் குழாயைத் திறக்கவில்லை, எல்லோரும் உறங்குகின்றனர். திடீரென்று பம்பு ஓடுகிறது. சில விநாடிகளில் நின்றுவிடுகிறது. சற்று நேரங்கழித்து மறுபடியும் ஓடுகிறது. பொழுது விடியும்வரை இதே கதைதான்.

இந்த ஓசையை அலட்சியம் செய்தவர்களில் நானும் ஒருவன். ஒரு கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்படும் அவசரத்தில், "திரும்பி வந்து பார்த்துக் கொள்ளலாம்" என்று விட்டுவிட்டோம். பன்னிரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் மோட்டார் கருகிக் கிடந்தது. குளியலறைச் சுவருக்குள் கசிந்த நீர், கீழ்வீட்டில் குடியிருந்த மராட்டிய முதியவரின் படுக்கைக்கு நேர் மேலே கூரையை ஊறவைத்திருந்தது. அவர் ஒரு கடுஞ்சொல்லும் கூறவில்லை. கட்டிலை நகர்த்திப் போட்டு, சொட்டும் இடத்தில் ஒரு வாளியை வைத்திருந்தார். அந்த வாளியைக் கண்டபோது உண்டான வெட்கம், புது மோட்டாருக்குக் கொடுத்த பணத்தைவிடப் பெரிது. அரைமணி நேரச் சோதனையில் கண்டுபிடித்திருக்கக் கூடிய பிழை அது. அச்சோதனையைத்தான் கீழே விவரிக்கிறேன்.

முதலில் பம்பின் இயல்பை அறிந்து கொள்வோம். அதனுடன் ஒரு பிரஷர் ஸ்விட்சும், அழுத்தம் காட்டும் ஒரு முள் மானியும், ஒரு சிறு இரும்பு உருளையும் இணைந்திருக்கும். உருளைக்குள் ஒரு ரப்பர்ப் பை. பைக்குள் நீர், வெளியே காற்று. குழாயைத் திறந்ததும் அழுத்தம் குறைகிறது. அது 20 பவுண்டுக்கு இறங்கினால் பம்பு ஓடவும், 40 பவுண்டுக்கு ஏறினால் நிற்கவும் ஸ்விட்சை அமைத்திருப்பதாகக் கொள்வோம். இந்த எண்கள் பம்புக்குப் பம்பு மாறும். மோட்டார் நின்ற பிறகு நீர் திரும்பித் தொட்டிக்கு ஓடிவிடாமல் காப்பது ஒருவழி வால்வு.

ஆகவே, யாரும் நீர் எடுக்காதபோது பம்பு ஓடுமாயின், அடைபட்டிருக்க வேண்டிய அழுத்தம் எங்கோ தப்பிச் செல்கிறது என்பது திண்ணம். பம்பைக் குறை கூறுவதற்கு முன், தப்பும் வழியைத் தேடவேண்டும்.

முதற் சோதனை: வீட்டிலுள்ள குழாய்களையெல்லாம் மூடுங்கள். பம்பு தானாக நின்றபின், அதிலிருந்து வீட்டுக்குள் நீர் செல்லும் வழியிலுள்ள வால்வையும் இறுக மூடுங்கள். பிறகு அரைமணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். முள் அசையாமல் நின்றால் பம்பு நலமாக இருக்கிறது. கசிவு வீட்டுக்குள் இருக்கிறது. முள் இறங்கிப் பம்பு மீண்டும் ஓடினால், பிழை பம்பின் பக்கத்திலேயே உள்ளது.

கசிவு வீட்டுக்குள் என்று தெரிந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டி. அதனுள் சொட்டு நீலம் சில துளிகள் விட்டு, அரைமணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் இருங்கள். கீழே கோப்பையில் நீலம் தெரிந்தால், தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்துவிட்டது என்பது பொருள். அடுத்து, குடிநீர் சுத்திகரிக்கும் கருவி. அதன் தொட்டி நிரம்பிய பின்னும் கழிவுக் குழாயில் நீர் வடிந்து கொண்டிருந்தால் அதுவே குற்றவாளி. பிறகு கீசரின் பாதுகாப்பு வால்வு, கைத்தெளிப்பான், சொட்டும் குழாய்கள் ஆகியவற்றைப் பாருங்கள். விநாடிக்கு ஒரு சொட்டுத்தானே என்று எண்ண வேண்டா. நான்கு சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டாலும், ஒரு நாளில் 21 லிட்டருக்கு மேல் வீணாகும்.

இவற்றில் ஒன்றும் அகப்படவில்லையெனில், ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் செல்லும் வால்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக மூடிப் பாருங்கள். எதை மூடியதும் பம்பு அமைதியடைகிறதோ, கசிவு அந்த வழியில் உள்ளது. அங்கே வெளியில் ஈரம் தெரியாவிட்டால் கசிவு சுவருக்குள் இருக்கலாம். தாமதியாமல் பிளம்பரை அழையுங்கள். கீழ்வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் செய்யத் தவறியது இதுவே.

பிழை பம்பின் பக்கம் என்று தெரிந்தால், முதலில் இணைப்புகளைத் தடவி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரமில்லாமலே முள் இறங்குகிறதென்றால், பெரும்பாலும் நீர் ஒருவழி வால்வின் வழியே தொட்டிக்குத் திரும்புகிறது. ஒரு மணல் துகளோ, இணைப்பில் சுற்றிய வெள்ளை நாடாவின் துணுக்கோ அதன் வாயில் சிக்கினால் போதும். வால்வு முழுதும் மூடாது. மின்சாரத்தை நிறுத்தி, தொட்டியிலிருந்து வரும் வழியை அடைத்து, குழாயைத் திறந்து அழுத்தத்தைப் போக்கியபின் வால்வைக் கழற்றிக் கழுவலாம். மீண்டும் பொருத்தும்போது அதன்மீதுள்ள அம்புக்குறி நீர் ஓடும் திசையை நோக்க வேண்டும். ரப்பரோ ஸ்பிரிங்கோ கெட்டிருந்தால் புதியது போடுங்கள்.

இன்னொரு வகை நோயும் உண்டு. குழாயைத் திறந்திருக்கும்போதே பம்பு ஓடுவதும் நிற்பதுமாகப் படபடக்கும். இது கசிவன்று, உருளையில் காற்றுக் குறைந்ததன் அடையாளம். நீர் எளிதில் அமுங்காது. அமுங்கி விரிந்து வில்போல் உதவுவது காற்றுத்தான். அந்த வில் தளர்ந்தால், ஒரு குவளை நீர் எடுத்தாலும் அழுத்தம் சடக்கென்று விழும். மோட்டார் ஓடிய மறுகணமே ஏறிவிடும்.

இதற்கு மின்சாரத்தை நிறுத்தித் தொட்டி வழியையும் அடையுங்கள். குழாய் ஒன்றைத் திறந்து, முள் சுழிக்கு வரும்வரை நீரை வடியுங்கள். உருளையின் மூடிக்கடியில் வண்டிச் சக்கரத்தில் உள்ளது போன்ற காற்று வாய் இருக்கும். அதன் ஊசியை அழுத்தினால் நீர் வருகிறதா? ரப்பர்ப் பை கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். காற்று மட்டும் வந்தால், டயர் அழுத்தம் பார்க்கும் கருவியால் அளந்து, கால்பம்பால் நிரப்புங்கள். பம்பு ஓடத் தொடங்கும் அளவைவிட இரண்டு பவுண்டு குறைவாக இருக்கவேண்டும். தொடக்கம் 20 என்றால் காற்று 18. உருளையில் நீர் அழுத்தம் இருக்கும்போது அளந்தால் கணக்குத் தவறிவிடும்.

ஸ்விட்சின் ஸ்பிரிங்கைத் திருகிச் சரிசெய்ய முயல வேண்டா. அது நோயை மறைக்குமே ஒழியத் தீர்க்காது. உள்ளே மின்சாரமும் இருக்கிறது. அது மெக்கானிக்கின் வேலை.

"சில விநாடிதானே ஓடுகிறது, மின்சாரம் எவ்வளவு ஆகிவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. மின்கட்டணம் சிறிதே. ஆனால் மோட்டார் புறப்படும் கணத்தில், சீராக ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. இடைவிடாமல் அடிக்கடி புறப்பட்டால், கம்பிச்சுருள் ஆறுவதற்கு நேரமேது? ஸ்விட்சின் முனைகளும் தீய்ந்துபோகும்.

முடிவாக ஒன்று. நம் குடும்பங்கள் திருமணம், திருவிழா, பள்ளி விடுமுறை என்று வாரக் கணக்கில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குச் செல்பவை. எரிவாயுவை மூடினோமா, சன்னலைச் சாத்தினோமா என்று பார்க்கிறோம். அவற்றோடு பம்பின் மின்சாரத்தையும் நிறுத்தி, தொட்டியிலிருந்து வரும் வால்வையும் மூடிவிட்டுப் பூட்டுங்கள். நாம் ஊரில் இருக்கும் நாள்களில் நம் வீட்டின் கீழே உறங்குகிறவரும் நம்மை நம்பியே உறங்குகிறார்.