பரிவும் பயிற்சியும்

நுழையும்முன்

பிறர் துயர் கண்டு வருந்துதல் மனித இயல்பு. அவ்வருத்தம் பயனுள்ள செயலாக மாறுவதற்குக் கல்வி வேண்டுமா? சமூகப்பணி என்னும் பட்டப்படிப்பைப் பற்றி எழும் இவ்வினாவை, விருதுநகர் மாவட்டத்துத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர் வாழ்க்கையை முன்னிறுத்தி ஆராய்கிறது இக்கட்டுரை.

இரக்கம் மட்டும் போதுமா?

மேனிலைக் கல்வியை முடிக்கும் மாணவர்முன் மருத்துவம், பொறியியல், வணிகவியல், சட்டம் எனப் பல வழிகள் விரிகின்றன. சமூகப்பணியும் அவற்றுள் ஒன்று என்பதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை. அறிந்தோரும், 'ஏழைக்கு உதவ இரக்கம் இருந்தால் போதாதா? அதற்கும் ஒரு பட்டமா?' என வினவுவர். சத்திரமும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்து அறம் வளர்த்த மண்ணில் இவ்வினா எழுவது இயல்பே.

விருதுநகரில் பிறந்த காமராசர் சமூகப்பணிப் பட்டம் பெற்றவர் அல்லர். பள்ளிக் கல்வியையே இடையில் நிறுத்த நேர்ந்தவர். ஆயினும் அவர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் ஏழைக் குழந்தைகளைப் பள்ளியை நோக்கி ஈர்த்தது. தொண்டு செய்யப் பட்டம் கட்டாயமன்று என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா. எனினும் அத்திட்டத்தின் வெற்றிக்கு இரக்கம் மட்டுமே காரணமன்று. குழந்தை பள்ளிக்கு வராததற்குப் பசியே காரணம் என்று கண்டறிந்து, அக்காரணத்தைப் போக்க முனைந்ததே அதன் சிறப்பு. பெருந்தலைவர்களுக்குப் பட்டறிவால் வாய்க்கும் இந்தக் காரணம் காணும் திறனை, எல்லாரும் கற்கத்தக்க முறையாக்கித் தருவதே சமூகப்பணிக் கல்வி.

ஒரு துறையின் தோற்றம்

தொழிற்புரட்சியால் பெருநகரங்களில் வறுமை பெருகியபோது இத்துறை உருப்பெற்றது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1889ஆம் ஆண்டு ஜேன் ஆடம்ஸ், எலன் ஸ்டார் என்னும் இரு பெண்மணிகள் ஹல் இல்லத்தை நிறுவி, உழைக்கும் மக்களிடையே குடியிருந்து பணியாற்றினர். 1931இல் ஜேன் ஆடம்ஸுக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தியாவில் 1936இல் மும்பையில் சர் தொராப்ஜி டாடா சமூகப்பணிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதுவே பின்னர் டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆயிற்று. மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952இல் சென்னை சமூகப்பணிக் கல்லூரி தோன்றியது. இன்று தமிழ்நாட்டில் பல கல்லூரிகள் இளநிலை, முதுநிலைப் பட்டங்களை வழங்குகின்றன.

தனிநபர்ப் பணி, குழுப் பணி, சமுதாய ஒருங்கமைப்பு, சமூக நல நிருவாகம், சமூகப்பணி ஆய்வு, சமூகச் செயல்பாடு ஆகியவை இப்படிப்பின் ஆறு முறைகள். இவற்றோடு உளவியலும் சமூகவியலும் சட்டமும் கற்பிக்கப்படுகின்றன.

கந்தக மண் கற்பிக்கும் பாடம்

மழை குறைந்த கரிசல் நிலத்தில் 1920களின் தொடக்கத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன. சிவகாசி 'குட்டி ஜப்பான்' எனப் பெயர் பெற்றது. வானம் பார்த்த நிலத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு இத்தொழில்கள் ஆண்டு முழுதும் கூலி தந்தன. இவ்வுண்மையை மறந்து அத்தொழிலைப் பழித்தல் நேர்மையாகாது.

அதே வேளையில், அவ்வளர்ச்சியில் சிறு கைகளின் உழைப்பும் கலந்திருந்தது. விடியுமுன் சிற்றூர்களுக்கு வந்த வண்டிகள் குழந்தைகளை ஏற்றிச் சென்றதையும், எண்ணிக்கைக் கூலிக்கு அவர்கள் குச்சி அடுக்கியதையும் பெட்டி ஒட்டியதையும் 1980களில் ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்குரைஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் விரிவான தீர்ப்பை வழங்கியது.

அத்தீர்ப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு அமர்த்தியவர், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நலநிதிக்குச் செலுத்த வேண்டும். அக்குழந்தைக்கு மாற்றாகக் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை கிடைக்கச் செய்ய வேண்டும், இயலாதவிடத்து 5,000 ரூபாயை அந்நிதியில் சேர்க்க வேண்டும். குழந்தை பள்ளியில் படிக்கும்வரை அத்தொகையின் வருவாய் குடும்பத்திற்குச் சேர வேண்டும் என்பன அதன் கூறுகள். குழந்தையைத் தனியாக நோக்காது குடும்பத்தோடு சேர்த்து நோக்கிய பார்வை அது. சமூகப்பணிக் கல்வியின் முதற்பாடமும் அதுவே.

அப்பார்வை இல்லாத இடத்தில் நன்னோக்கமும் தவறிவிடும். ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் ஆலையிலிருந்து ஒரு சிறுமியை மீட்டு வீட்டிற்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்ததாகத் தோன்றும். தந்தை வாங்கிய முன்பணம் தீராதிருந்தால், அவள் பெயர் பள்ளிப் பதிவேட்டிலும் கைகள் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுவதிலும் இருக்கும். கண்ணுக்குத் தெரிந்த உழைப்பு கண்ணுக்குத் தெரியாததாக மாறுவது மீட்பு ஆகாது. கடன் எவ்வளவு, தாயின் கூலி எவ்வளவு, பள்ளி எவ்வளவு தொலைவு, அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருமா எனப் பொறுமையுடன் அறிந்து, ஒவ்வொன்றுக்கும் வழிகாண்பவரே அவளை உண்மையில் மீட்டவராவார்.

புகை அடங்கிய பின்

2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும், 2023 அக்டோபரில் ரெங்கபாளையத்திலும் நேர்ந்த வெடிவிபத்துகள் பல உயிர்களைப் பறித்தன. விபத்து நாளில் தீயணைப்பு வீரரும் மருத்துவரும் செய்தியாளரும் விரைந்து வருகின்றனர். தலைவர்கள் ஆறுதல் கூறுகின்றனர். சில நாள்களில் அனைவரும் திரும்பிவிடுகின்றனர். அதன்பின் அவ்வீட்டில் எஞ்சுவோர் படும் துன்பம் செய்தியாவதில்லை.

பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் இழப்பீடு கோர வேண்டும் என வரையறுத்திருந்தது. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர், அங்கு வேலை செய்ததை வேறு சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டும். தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைக்குப் பாதுகாவலர் யார், இழப்பீட்டுத் தொகை யார் கைக்குச் செல்லும் என்னும் சிக்கல்கள் எழும். தீக்காயம் ஆறியவர் கண்ணாடியைக் காண அஞ்சுவார். பட்டாசு ஒலி கேட்டால் குழந்தை நடுங்கும். பட்டாசு விபத்தில் உயிரிழந்தோரின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை ஏற்பதாகத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது. அத்தகைய உதவி உரியவரை அடைய, அவ்வீட்டுப் படியேறி ஆவணங்களைத் திரட்டித் தர ஒருவர் வேண்டும். இரக்கமுள்ள அண்டை வீட்டார் உணவு தருவர், உடனிருந்து அழுவர். சட்டத்தையும் மனத்தையும் ஒருங்கே அறிந்து இரண்டு ஆண்டுகள் உடன்நிற்பது பயிற்சி பெற்றவரால் இயலுவது.

களமே வகுப்பறை

இக்கல்வியின் உயிர்நாடி களப்பணி. மாணவர் மருத்துவமனை, சிறார் இல்லம், ஊராட்சி, தொழிற்சாலை ஆகிய இடங்களுக்குச் சென்று மேற்பார்வையின்கீழ்ப் பணியாற்றுவர். கண்டதையும் செய்ததையும் எழுதி ஆசிரியருடன் விவாதிப்பர். இதன் ஆற்றலுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இடருற்ற குழந்தைகளுக்கு உதவும் 1098 என்னும் தொலைபேசிச் சேவை, 1996இல் மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களச் செயல்திட்டமாகத் தொடங்கி நாடு முழுதும் பரவியதாகும்.

ஆயினும் களப்பணி வெறும் மணிக்கணக்காகச் சுருங்கும் அபாயமும் உள்ளது. வினாநிரலுடன் வந்து, 'மாத வருமானம் எவ்வளவு?' எனக் கேட்டு, நிழற்படம் எடுத்துச் செல்வோரைச் சிவகாசிப் பகுதி மக்கள் மிகுதியாகக் கண்டிருக்கின்றனர். கேட்டவர் திரும்பி வாராதபோது அடுத்து வருபவரை அவர்கள் நம்புவதில்லை. ஆகவே, ஒரே ஊருக்கு ஒரே மாணவர் தொடர்ந்து செல்லும் வகையில் களப்பணி அமைதல் வேண்டும். கருந்திரி, மணிமருந்து, சரம் பின்னுதல் என்னும் சொற்களைப் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த அம்மண்ணின் பிள்ளைகளே இப்படிப்பிற்கு மிகுதியாக வருதல் வேண்டும். கதவைத் திறக்கும் மொழி அவர்களிடம் உள்ளது. கல்வி அதற்கு முறையைச் சேர்க்கும்.

வேலைவாய்ப்பும் ஒரு வேண்டுகோளும்

'இப்படிப்புக்கு வேலை உண்டா? ஊதியம் போதுமா?' என்னும் பெற்றோரின் அச்சம் பொருளற்றதன்று. பல பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையில் உள்ளன. பொறுப்புக்கேற்ற ஊதியம் எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. இதனை மாணவரிடம் மறைத்தல் தகாது. மறுபுறம், சட்டமே சமூகப்பணியாளருக்கு இடம் அளித்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இளைஞர் நீதிக் குழுமத்தில் நடுவருடன் இரு சமூகப்பணியாளர்கள் அமர்கின்றனர். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். மருத்துவமனைகளும் மனநல மையங்களும் இத்துறையினரை நாடுகின்றன.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் ஆலையில் நல அலுவலரை நியமிக்கப் பணித்தது. பட்டாசு ஆலைகளுள் பெரும்பாலானவை அந்த எண்ணிக்கையை எட்டாத சிற்றாலைகள். இடர் மிகுந்த இடத்திலேயே நல அலுவலர் இல்லை என்பது இதன் விளைவு. எனவே, எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், அருகருகே உள்ள பல ஆலைகளுக்குப் பொதுவாக ஒரு நல அலுவலரை நியமித்தல் வேண்டும். உரிமையாளர்களும் அரசும் அச்செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். வேதிப்பொருள்களைக் கண்காணிக்க அலுவலர் இருப்பதுபோல, அவற்றைக் கையாளும் மனிதரைக் கண்ணுற்றுக் காக்கவும் ஒருவர் இருத்தல் முறையே.

2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், பதினான்கு முதல் பதினெட்டு வயதிற்குட்பட்டோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதைத் தடைசெய்துள்ளது. அதாவது, பதினொன்றாம் வகுப்பில் பயிலும் வயதினர் எவரும் மருந்து அறையில் இருத்தல் கூடாது. அவ்வயதினர் இருக்க வேண்டிய இடம் வகுப்பறை. அங்கிருந்து பட்டம் பெற்று, தம் ஊர்த் தெருவுக்கே பணியாளராகத் திரும்பும் மாணவர், பரிவோடு பயிற்சியையும் கொண்டு செல்வர். வெளியூரிலிருந்து வருவோருக்காகக் காத்திருந்த தெரு, தன் பிள்ளைகளின் துணையாலேயே தன் உரிமைகளைப் பெறும்.