இலவசத் தகடு குப்பையா?

ஒரு மாணவரின் விடைத்தாளைப் பார்த்தால், விடை சரியா தவறா என்பது தெரியும். ஆனால் அவர் எந்த இடத்தில் தடுமாறினார், எதை அடித்துவிட்டு எதை எழுதினார் என்பது தெரிய வேண்டுமானால், அவருடைய ரஃப் நோட்டைத்தான் புரட்ட வேண்டும். வீடியோ விளையாட்டுகளுக்கும் இத்தகைய ரஃப் நோட்டுகள் உண்டு. ஜப்பானில் விளம்பரத்துக்காக வழங்கப்பட்ட மாதிரித் தகடுகளும், விளையாட்டு முழுமையடையுமுன் சோதனைக்காகப் பதிக்கப்பட்ட முன்பதிப்புகளுமே அவை. இவற்றைத் தேடிச் சேகரிப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

'விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு பாடா?' என்று சிலர் கேட்கலாம். இது வீண் வேலை அல்ல. ஆனால் பலர் இந்த வேலையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதே நம் குறை.

சோனி நிறுவனம் 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷன் கருவியை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விளையாட்டுகள் குறுந்தகடுகளில் வந்தன. நினைவுச் சில்லுகள் கொண்ட பழைய பெட்டிகளைவிடத் தகடு அச்சிடுவது மிக மலிவு. எனவே புதிய விளையாட்டின் ஒரு பகுதியை மட்டும் தனித் தகட்டில் பதித்து, வேறு விளையாட்டுகளோடு இலவசமாக இணைப்பது எளிதாயிற்று. ஜப்பானியர் இதைத் 'தைக்கென்பான்' என்பார்கள். அனுபவித்துப் பார்க்கும் பதிப்பு என்று பொருள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 1996 ஆகஸ்டில் ஸ்குவேர் நிறுவனம் 'டோபால் நம்பர் 1' என்ற சண்டை விளையாட்டை வெளியிட்டது. அதோடு வந்த கூடுதல் தகட்டில், 'ஃபைனல் ஃபேன்டசி 7' விளையாட்டின் தொடக்கப் பகுதி இருந்தது. முழு விளையாட்டு 1997 ஜனவரி 31 அன்றுதான் வெளிவந்தது. மாதிரித் தகட்டில் தொடக்கக் காட்சியிலேயே ஏரித் என்ற பெண் பாத்திரம் கதாநாயகனின் குழுவில் வருகிறாள். முழு விளையாட்டில் அந்தக் கட்டத்தில் அவள் குழுவில் இல்லை! விளம்பரத்துக்காக அவளைச் சேர்த்தார்களா? கதையைப் பிறகு மாற்றினார்களா? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே அந்த இலவசத் தகடு நமக்குத் தேவைப்படுகிறது.

1999இல் சேகா நிறுவனம் 'ஷென்மூ' விளையாட்டுக்கு முன்னோடியாக 'வாட்ஸ் ஷென்மூ' என்ற தகட்டை அளித்தது. இதில் கதாநாயகன் தேடி அலைவது யாரைத் தெரியுமா? சேகாவின் நிர்வாகியான யுகாவா ஹிதெகாஸுவை! அவ்வாண்டு டிசம்பரில் வந்த முழு விளையாட்டில் இந்தக் கதை கிடையாது. அந்தத் தகடு அழிந்தால் இந்த வேடிக்கையும் அதோடு போய்விடும்.

தகடு அழியுமா? அழியும். குறுந்தகட்டில் செய்தி நுண்ணிய பள்ளங்களாகப் பதிந்திருக்கிறது. பள்ள வரிசைகளுக்கிடையே உள்ள தூரம் 1.6 மைக்ரான். அதாவது 1 மில்லிமீட்டர் அகலத்தில் 600க்கு மேற்பட்ட வரிசைகள்! அவற்றின்மேல் பூசிய அலுமினியப் படலமே லேசர் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மேலேயுள்ள பாதுகாப்புப் பூச்சு பழுதானால் காற்றும் ஈரமும் உள்ளே சென்று அலுமினியத்தை அரிக்கும். முன்பதிப்புகளின் நிலை இன்னும் மோசம். சில பிரதிகளே தேவைப்பட்டதால், அவை பெரும்பாலும் எழுதத்தக்க தகடுகளில் பதிக்கப்பட்டன. அவற்றில் செய்தியைத் தாங்குவது கரிமச் சாயப் படலம். வெயிலும் வெப்பமும் சாயத்தைக் கெடுத்துவிடும்.

ஆகவே, அரிய தகட்டை உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. உறைக்குள்ளேயே தகடு மெல்லச் சாகக்கூடும். உரியவர் பெருமையோடு வைத்திருப்பது ஒருநாள் வெறும் பிளாஸ்டிக்காகிவிடும். தகட்டைக் கணிப்பொறியில் படித்து, அதிலுள்ள எண்களை அப்படியே பிரதி எடுப்பதே உண்மையான சேகரிப்பு. எண்களாலான பிரதி சரியாக எடுக்கப்பட்டால் மூலத்துக்கும் அதற்கும் வேறுபாடே இராது. வேறு இருவரிடம் உள்ள ஒரே தகட்டின் பிரதிகளை ஒப்பிட்டுப் பிழையையும் கண்டுபிடிக்கலாம்.

பிரதி எடுக்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்குச் 'சாட்டலாவியூ' சாட்சி. 1995 ஏப்ரல் முதல் 2000 ஜூன் வரை, நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்குச் செயற்கைக்கோள் வழியாக விளையாட்டுகள் ஒலிபரப்பாயின. அவற்றைச் சேமிக்கும் பெட்டியின் கொள்ளளவு 1 மெகாபைட்தான். புதியதை எழுதினால் பழையது போய்விடும். சில விளையாட்டுகளோடு வந்த குரலும் இசையும் பெட்டியில் பதியவே இல்லை. சேகரிப்பாளர்கள் பழைய பெட்டிகளை விலைக்கு வாங்கி, எஞ்சியதைப் படித்து மீட்டதால்தான் அவற்றுள் பல இன்று நம்மிடம் உள்ளன.

'பிறர் உழைப்பைப் பிரதி எடுப்பது திருட்டல்லவா?' என்பது நியாயமான கேள்வி. பிரதி எடுத்து விற்பது திருட்டுதான். ஆனால் ஆராய்ச்சிக்காக ஒரு பிரதியைக் காப்பகத்தில் வைப்பதற்கு நிறுவனங்கள் அனுமதி தர வேண்டும். டோக்கியோவில் கேம் பிரிசர்வேஷன் சொசைட்டி என்ற அமைப்பு பழைய விளையாட்டுகளைக் காக்கும் பணியில் ஈடுபட்டிருக்கிறது. ஜப்பானின் தேசிய நூலகத்துக்கு விளையாட்டுத் தகடுகளையும் அளிக்க வேண்டும் என்ற விதி 2000 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தியவற்றுக்கும், வெளியிடப்படாத சோதனைப் பிரதிகளுக்கும் சேகரிப்பாளரை விட்டால் வேறு நாதி ஏது?

இன்று ஆபத்து இன்னும் பெரிது. 2014 ஆகஸ்டில் கொனாமி நிறுவனம் 'பி.டி.' என்ற மாதிரி விளையாட்டை இணையத்தின் வழியே இலவசமாகத் தந்தது. 2015 ஏப்ரலில் அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. தகடாக இருந்திருந்தால் பழைய கடைகளிலாவது தேடலாம். இதை எங்கே தேடுவது?

மாணவ நண்பர்களே! ஒரு கண்டுபிடிப்பின் வரலாறு அதன் வெற்றியில் மட்டும் இல்லை. கைவிட்ட முயற்சிகளிலும் இருக்கிறது. நீங்கள் எழுதும் சிறு கணிப்பொறி நிரலானாலும், முதல் வடிவை அழித்துவிடாதீர்கள். தேதியிட்டு, இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். நாளை ஒருவர் அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம்.