டாக்டர் கேட்கும் கேள்விகள்



சென்ற மாதம் ஒரு தாய் பள்ளி விடும் நேரத்தில் என்னைத் தேடி வந்தார். முந்தானையில் முடிந்திருந்த சிறு புட்டியை எடுத்துக் காட்டினார்.

"வாத்தியாரையா, இது கஞ்சா எண்ணெயாம். பையனுக்கு வலிப்பு அடியோட நின்னுடுமாம். ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திட்டு இதக் குடுக்கச் சொல்றாங்க. குடுக்கலாங்களா?"

"விற்றவர் டாக்டரா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க, தெரிஞ்சவங்க" என்றார்.

கஞ்சா என்றாலே காத தூரம் ஓடும்படி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆயினும் அதிலிருந்து மருந்தும் செய்கிறார்கள் என்பது உண்மையே. கஞ்சாவில் போதை தரும் பொருளும் உண்டு. போதை தராத கன்னாபிடியால் என்ற பொருளும் உண்டு. கன்னாபிடியாலைச் சுத்தமாகப் பிரித்துச் செய்த எபிடியோலெக்ஸ் என்னும் மருந்தை, இரண்டு அரிய, கொடிய வலிப்பு நோய்களுக்காக 2018-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது.

அந்த மருந்தை எழுதும் டாக்டர் என்ன செய்ய வேண்டும்? முதலில் இரத்தத்தைச் சோதித்துக் கல்லீரலின் நிலையை அறிய வேண்டும். பிள்ளையின் எடைக்கேற்ப அளவைக் கணக்கிட வேண்டும். வேறு என்ன மாத்திரை உண்கிறான் என்று கேட்க வேண்டும். வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தோடு இது சேர்ந்தால் கல்லீரலுக்குக் கேடு கூடும். பிறகு அளவைச் சிறுகச் சிறுக ஏற்ற வேண்டும். பால் வெட்டுகிறவர்களுக்கு இது விளங்கும். கத்தி கொஞ்சம் ஆழம் போனால் மரம் காயப்படும். ஆழம் குறைந்தால் பால் இறங்காது.

புட்டி விற்றவர் இவற்றில் ஒன்றையாவது கேட்டாரா?

படித்த டாக்டர்களும் தவறுவதுண்டு. ஆஸ்திரேலியாவில் டாக்டர் சீட்டு இருந்தால் கஞ்சா மருந்து வாங்கலாம். அங்கே எட்டுப் பேர் ஆறே மாதத்தில் ஆளுக்கு 10,000 சீட்டுகளுக்கு மேல் எழுதியதாக, மருத்துவர்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு 2025 ஜூலையில் அறிவித்தது. ஒருவர் 17,000-ஐயும் தாண்டினாராம்! ஓய்வே இல்லாமல் எழுதினாலும் நாளுக்குத் தொண்ணூறுக்கு மேல் வருகிறது. நோயாளியின் முகத்தைப் பார்க்கவாவது நேரம் இருந்திருக்குமா? டாக்டர்கள், மருந்தாளர்கள், தாதியர் என 57 பேர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. நோயாளி கேட்கிறார் என்பதற்காக எழுதக்கூடாது, முழுமையாக விசாரித்தே எழுத வேண்டும், மருந்தை எப்படி நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்று அந்த அமைப்பு அறிவுறுத்தியது.

நம் மலேசியாவிலோ, 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப் பொருள் சட்டப்படி கஞ்சாவை வைத்திருப்பதே குற்றம். 200 கிராம் இருந்தால் கடத்தல் என்றே சட்டம் கொள்ளும். 2023 முதல் மரண தண்டனை கட்டாயமில்லை என்றாலும், அதை விதிக்கும் அதிகாரம் நீதிபதிக்கு இன்னும் உண்டு. பிள்ளைக்காகத்தான் வாங்கினேன் என்று சொல்வதால் குற்றம் இல்லாமல் போய்விடாது.

"அம்மா, மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகும்" என்று சொல்லி, மறுநாளே அவரை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். புட்டியை டாக்டரிடமே ஒப்படைத்தோம். அவர் சினக்கவில்லை. "எத்தனை சொட்டுக் கொடுத்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். நல்ல வேளை, ஒரு சொட்டும் கொடுக்கவில்லை.

பிறகு கேள்விமேல் கேள்வியாக விசாரித்தார். பையனை நிறுத்துப் பார்த்தார். ஓராண்டாகச் சோதனைக்கு வரவில்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. "ஒரு நாள் சம்பளம் போயிடுதுங்களே" என்று தாய் தலை குனிந்தார். பையன் வளர்ந்துவிட்டான், மாத்திரையின் அளவோ பழையது. அதை மாற்றி எழுதிக் கொடுத்து, இரண்டு வாரத்தில் மீண்டும் வரச் சொன்னார் டாக்டர்.

வாசகர்களே, டாக்டர் அதிகம் கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். நாட்டு மருந்தோ, யாரோ கொடுத்த எண்ணெயோ, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் மருந்து தருகிறவரிடம் உங்கள் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.