சொம்பில் இருப்பது எந்த ஈயம்?

பரணில் கிடந்த பித்தளைப் பாத்திரத்துக்கு மறுபடியும் யோகம் பிறந்திருக்கிறது!

எவர்சில்வர் வந்த காலத்தில் தவலையையும் அடுக்கையும் எடைக்குப் போட்டோம். இப்போது அதே பித்தளையைக் கடை கடையாக ஏறி விலை கேட்கிறோம். ஈயச் சொம்பில் வைத்தால்தான் ரசம் மணக்கும் என்று மாமியார் சொன்னதை மருமகளும் ஒப்புக்கொள்கிறார். (அபூர்வமான ஒற்றுமைதான்!) கும்பகோணம் போகிறவர்கள் வெற்றிலையோடு ஒரு சொம்பும் வாங்கி வருகிறார்கள்.

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல், செம்பு, பித்தளைச் சமையல் பாத்திரங்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாங்குகிறவர்களுக்கு நல்ல செய்தி. பாத்திரத்தைத் தட்டிச் செய்கிற கன்னாருக்கு என்ன கிடைத்தது?

கன்னார் கணக்கு

அவர் வாங்கும் பித்தளைத் தகட்டுக்கு வரி 18 சதவீதம். ஈயக் கட்டிக்கும் அதேதான். பெரிய தொழிற்சாலை, தான் கட்டிய வரியைக் கணக்குக் காட்டிக் கழித்துக்கொள்ளும். சின்னப் பட்டறைக்காரர் அப்படிச் செய்ய முடியாது. ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை சரக்கு விற்பவர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டியது இல்லை என்பது சலுகை. ஆனால் பதிவு இல்லை என்றால் கழிவும் இல்லை! தொழிற்சாலைப் பாத்திரம் மலிவாகிறது. இவர் செலவு அப்படியே நிற்கிறது.

வேலையும் லேசானது அல்ல. தட்டத் தட்டப் பித்தளை இறுகிவிடும். அதற்கு மேல் அடித்தால் விரிசல் விடும். ஆகவே நெருப்பில் காய்ச்சி, இளக வைத்து, மறுபடியும் தட்ட வேண்டும். ஒரு பாத்திரம் உருவாவதற்குள் பல தடவை அது அடுப்புக்குப் போய்த் திரும்புகிறது.

இரண்டு ஈயம்

பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும். அதனால் உள்ளே ஈயம் பூசுகிறார்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத் தூளைத் தூவி, ஈயத்தைத் தொட்டு வைத்துப் பஞ்சால் தேய்த்தால், வெள்ளி போலப் பளபளக்கும். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் வைத்த உணவு உண்ணத் தகாதது என்று 2011-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்லின.

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். ஈயம் ஒன்றல்ல, இரண்டு. பூசுவதற்கும் சொம்பு செய்வதற்கும் உரியது வெள்ளீயம். மற்றது காரீயம், அது விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு சேர்ந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். கலப்படம் செய்யத் தூண்ட இது போதாதா? கலந்த பிறகு கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சுத்த வெள்ளீயத்தில் செய்தவர் உண்மையான விலையைச் சொல்கிறார். பக்கத்துக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று நாம் நகர்ந்துவிடுகிறோம். நஷ்டம் யாருக்கு? நேர்மையான தொழிலாளிக்கும் நம் வீட்டுக் குழந்தைக்கும்.

வெளிநாட்டிலும் இந்தப் பேச்சு எழுந்திருக்கிறது. இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, ஹிண்டாலியப் பாத்திரங்களில் இருந்து காரீயம் உணவில் இறங்கலாம் என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இப்படி ஒரு செய்தி வந்தால், ஒழுங்காகச் செய்கிற பட்டறைக்கும் சேர்த்துத்தான் கெட்ட பெயர்.

முத்திரை எங்கே?

தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரையை 2021 ஜூனில் இருந்து படிப்படியாகக் கட்டாயம் ஆக்கினார்கள். பெட்டிக்குள் பூட்டி வைக்கும் நகைக்கு இத்தனை காவல் என்றால், தினமும் ரசம் கொதிக்கும் சொம்புக்கு ஒன்று வேண்டாமா?

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியது இல்லை. நகையை உரசாமல், உருக்காமல், சில நிமிடங்களில் கலப்பைச் சொல்லும் எக்ஸ்ரே கருவி இன்று பல நகைக்கடைகளில் இருக்கிறது. அந்த வகைக் கருவி காரீயத்தையும் காட்டிக்கொடுக்கும். கும்பகோணம் போன்ற ஊரில் அரசாங்கம் ஒன்றை வைத்து, கன்னார் கொண்டுவரும் சொம்பைக் குறைந்த கட்டணத்தில் சோதித்து முத்திரை குத்திக் கொடுக்கலாம். அப்போது சுத்த ஈயத்துக்கு அவர் கேட்கிற விலையை வாங்குகிறவர்கள் பேரம் பேசாமல் கொடுப்பார்கள்.