வெளியேறுவோருக்கு அபராதமா?

வீட்டுக்கடனை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்பவர் முந்திய வங்கிக்கு நஷ்டஈடு தருவதே நியாயம் என்று வாதிக்கும் நண்பர், மாறும் வட்டிக் கடனில் வட்டி ஏறும்போதெல்லாம் அந்தப் பாரத்தைச் சுமப்பவர் கடனாளியே என்பதையும், கடன் வழங்கும் செலவுக்கென்று பரிசீலனைக் கட்டணம் ஆரம்பத்திலேயே வசூலாகிவிடுகிறது என்பதையும் மறந்துவிட்டார். பாக்கி 20 லட்சம், அபராதம் நூற்றுக்கு 2 என்றால் 40,000 ரூபாய்; அரை சதவீத வட்டிக் குறைவால் ஆண்டுக்கு மிஞ்சுவதோ ஏறத்தாழ 10,000. இந்த அநீதியைத்தான் தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடன்களைப் பொறுத்தவரை, 2012 ஜூனில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தடை செய்தது. நிலையான வட்டிக் கடனில் மெய்யான நஷ்டம் நேரலாம், ஒப்புகிறேன். அப்படியாயின் அந்த நஷ்டத்தைக் கணக்கிட்டுக் காட்டி, அவ்வளவை மட்டுமே வங்கி கேட்கட்டும்.